நீ மூன்று முறை கூவினாய்

உன் அம்மா, என் மாமி, எங்கள் வாசலில் வந்து நின்றபோது நான் முதலில் கண்டது அவருடைய கால்களை. உன் செருப்பைப் போட்டிருந்தார். நீல ரப்பர் செருப்பு. வலது செருப்பின் வார் அறுந்தபோது நீ மெல்லிய கம்பியால் கட்டி, கம்பி நுனி காலில் குத்தாமல் சைக்கிள் டியூப் துண்டொன்றைச் சுற்றினாயே, அந்தக் கட்டு அப்படியே இருந்தது. மாமிக்கு உன்னைவிடப் பெரிய கால். குதிகால் வெளியே வந்து மண்ணில் பட்டுக்கொண்டிருந்தது.

ஒரு வருடமாக அந்தச் செருப்பு உன் சட்டைகளோடு றங்குப்பெட்டிக்குள் இருந்தது. அதை வெளியே எடுத்துக் காலில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார் என்றால் மாமி எதையோ முடிவு செய்துவிட்டார் என்று விளங்கியது.

“என்ன மேல்குளத்துக்குக் கூட்டிற்றுப் போ புள்ள,” என்றார். “அந்த இடத்த ஒருக்கா நான் பாக்கணும்.”

நான் ஒன்றும் சொல்லவில்லை. நான் ஒன்றும் சொல்லாமல் நிற்பது யாருக்கும் புதிதில்லை. அதை ஓம் என்று எடுத்துக்கொண்டு மாமி படியில் உட்கார்ந்துவிட்டார்.

மச்சாள், இன்று நடந்ததை உனக்குச் சொல்லாமல் என்னால் இருக்க முடியாது. இதை நீ படிக்கப் போவதில்லை என்பதும் தெரியும். “வாயால வராததெல்லாம் உனக்குக் கையால வருது கா,” என்று நீதான் சொல்வாய். ஒன்பதாம் ஆண்டோடு நான் பள்ளிக்கூடத்தால் நின்ற பிறகும், ஊரில் யாருக்காவது விண்ணப்பம் நிரப்ப வேண்டுமென்றால் என்னிடம் கூட்டிக்கொண்டு வருவாய். வந்தவரிடம் நீ கேள்வி கேட்பாய். நான் தலை நிமிராமல் எழுதுவேன். நம் இருவருக்கும் சேர்த்து ஒரு வாய் போதுமென்று இருந்துவிட்டோம். அந்த வாய் உன்னுடையது.

வெயில் ஏறுவதற்கு முன் மாமியும் நானும் புறப்பட்டோம். கடைசி வயல் வட்டையின் வரம்பில் நடந்து, வயல் முடிகிற இடத்தில் ஓடையைக் கடந்து, காட்டு வாசலில் நிற்கிற அந்தப் பாலை மரத்தடிக்கு வந்தோம். மாமி ஒரு கொப்பை முறித்துப் பிள்ளையார் கல்லுக்கு முன்னால் வைத்தார். நானும் வைத்தேன். வாடிய கொப்புகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடந்தன. நீ போன வருடம் வைத்த கொப்பும் அதற்குள் எங்கேயோ மக்கிப்போய் இருக்கும். நீ கும்பிட்டது எனக்கு ஞாபகம். “பிள்ளையாரே, இவளுக்குக் கொஞ்சம் சத்தத்தக் குடு, எனக்கிட்ட இரிக்கிறதில பாதிய எடுத்துக் குடு,” என்று என் காதுக்குக் கேட்கச் சொன்னாய்.

அந்த வாரம்தான் ஆரையம்பதியில் இருந்து உன்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் வேண்டாமென்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். பெண் சத்தமாகக் கதைக்கிறாள் என்பது அவர்கள் சொன்ன குறை. மாமி இரண்டு நாள் சாப்பிடவில்லை. நீ அன்று வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய்.

“அந்த மாப்பிள்ளைக்குக் காது நல்லாக் கேக்கும் போல,” என்றாய். “செவிட்டு மாப்பிள்ளையா ஒண்டு பாருங்கெண்டு அம்மாட்ட சொல்லியிரிக்கன்.”

நான் சிரித்தேன்.

“பாத்தியா, சிரிக்கிறதுக்கும் சத்தமில்ல. உன்ன ஆரையம்பதிக்குக் குடுத்திருக்கணும்.”

இப்படிச் சிரித்தவள் சாகப் போகிறவளா. ஒரு வருடமாக இதை நான் எனக்குள்ளே கேட்டுக்கொண்டிருக்கிறேன். வெளியே கேட்கவில்லை.

மாமி பாதையில் மெதுவாகத்தான் நடந்தார். செருப்பு பெரிதாகச் சத்தம் போட்டது. ஓடைக் கரையோடு போகிற பாதை மாறவே இல்லை: மருத மரங்களின் வேர் தண்ணீருக்குள் இறங்கியிருக்கிற வளைவு, மந்திகள் எப்போதும் சண்டை போடுகிற புளிய மரம், யானை முதுகு தேய்த்துச் சேறு பூசிவிட்டுப் போன கருங்கல். வெயில் காலம் என்பதால் ஓடை மெலிந்து, கல்லுக்குக் கல் தாவித் தாவி ஓடியது. போன வருடமும் இதே அளவுதான். மாமி நின்று அந்தத் தண்ணீரைப் பார்த்தார். ஊரில் எல்லோரும் அவரிடம் சொல்லியிருந்தது ஒன்றுதான்: தண்ணீர்ச் சத்தத்தில் உன் கூவு எனக்குக் கேட்டிருக்காது. அவர் பார்த்த தண்ணீருக்குச் சத்தமே இல்லை. அவர் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

கொஞ்சத் தூரம் போனதும் அவரே கதைத்தார்.

“திவசத்தண்டு குசினிக்குள்ள மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தவங்க கதைச்சது எனக்குக் கேட்டிச்சு புள்ள. நான் பின்னுக்கு நிண்டது அவங்களுக்குத் தெரியாது.”

“என்ன மாமி?”

“செருப்ப ஒழுங்காக் கழட்டி வச்சிட்டுப் போறவ ஆரு, பாயிறதுக்குப் போறவதானே எண்டாங்க. கலியாணம் தவறின கவலையில பாஞ்சிற்றாவாம்.”

அவர் குரலில் அழுகை இல்லை. அழுது முடித்த பிறகு வருகிற குரல்.

“அப்பிடியாகா அவ?” என்று கேட்டார்.

இல்லை என்று தலையாட்டினேன். எனக்கு முன்னால் நடந்துகொண்டிருந்தவருக்கு அது தெரியவில்லை. வாயால் சொல்ல வேண்டிய இடத்தில் நான் தலையைத்தான் ஆட்டினேன், மச்சாள். ஒரு வருடத்துக்குப் பிறகும்.

செருப்பை நீ ஏன் கழற்றினாய் என்று உலகத்தில் ஒருத்திக்குத்தான் தெரியும். மேல்குளத்தில் இருந்து கீழே மடுவுக்கு வர எல்லோரும் சுற்றுப் பாதையால் வருவார்கள். குளத்துத் தண்ணீர் வழிகிற பாறையால் நேரே இறங்குவது நாம் இருவரும் மட்டும். பாறையில் இறங்கும்போது நீ எப்போதும் செருப்பைக் கழற்றி மேலே வைப்பாய். “செருப்பு வழுக்கும், கால் பிடிக்கும்.” பிறகு திரும்ப ஏறி எடுத்துக்கொள்வாய். அன்று நீ பாறையால் இறங்கினாய் என்று நான் சொன்னால், ஏன் அவ்வளவு அவசரமாக இறங்கினாள் என்று கேட்பார்கள். அதற்குப் பதில் நான்தான்.

காட்டுக்குள் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. பெயரைக் காடு கேட்டுக்கொள்ளும், பிறகு அதுவே கூப்பிடும் என்று நம் ஊரில் நடை பழகுகிற பிள்ளைக்கும் சொல்லிக்கொடுப்பார்கள். அதனால் கூவுவோம். ஒருவர் கூவினால் மற்றவர் கூவ வேண்டும். கூவாவிட்டால் அந்த ஆளுக்கு ஏதோ நடந்துவிட்டது, தேடிப் போக வேண்டும். இது மட்டும்தான் சட்டம். என் கூவு உனக்கு எப்போதும் பகிடி. “கொசு பாடுற மாதிரி இரிக்கி,” என்பாய். பிறகு நீயே, “பரவாயில்ல, எனக்குக் கேக்கும், அது காணும்,” என்பாய்.

அன்று நாம் பாலப்பழத்துக்குப் போனோம். குளத்துக்கு இந்தப் பக்கம் நிற்கிற இரண்டு மரத்திலும் பழம் கொட்டிக் கிடந்தது. கூடை நிறையும் மட்டும் பொறுக்கினோம், பொறுக்கியதில் பாதியைத் தின்றோம். பால் ஒட்டி உதடு பிரியவில்லை. நீ உன் வாயை விரலால் பிரித்துப் பிரித்துக் கதைத்தாய். “இப்ப நானும் உன்னப் போலதான், வாய் திறக்காது,” என்றாய். பாலையும் சேற்றையும் கழுவ நான் கீழே மடுவுக்கு இறங்கினேன். நீ குளத்தில் தாமரை பிடுங்கிக்கொண்டு வருவதாகச் சொன்னாய்.

மடுவுக்குள் இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தேன். அப்போதுதான் பாதையில் ஆட்கள் வருகிற சத்தம் கேட்டது. நான் படித்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள். உயர்தர வகுப்பு. பள்ளிக்கூடத்தின் பெயர் போட்ட ரீசேட், சப்பாத்து, முதுகில் பை, கையில் போன். வகுப்புச் சேர் ஒருவர் கூட்டிக்கொண்டு மலை பார்க்க வந்திருக்கிறார். வகுப்பில் மூன்றாம் வாங்கில் என் பக்கத்தில் இருந்தவளும் அதற்குள் இருந்தாள். அம்மாவுக்கு முதுகு ஏலாமல் போய், தம்பியைப் பார்க்க நான் வீட்டில் நின்றபோது, அவள் இரண்டு முறை வந்து எப்போது வருவாய் என்று கேட்டவள். வாற கிழமை என்று சொன்னேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையைக் கண்டால் வேலிக்குள் ஒளிந்துகொள்வேன்.

அன்றும் ஒளிந்தேன். பாவாடை உடம்போடு ஒட்டி, உதட்டில் பால் கறுத்து, கூடையில் சந்தைக்குப் பழம். இந்தக் கோலத்தில் அவள் என்னைப் பார்க்கக் கூடாது. பெரிய பாறைக்குப் பின்னால் போய்க் குந்திக்கொண்டேன். அவர்கள் மடுவின் மற்றப் பக்கத்தில் உட்கார்ந்து பிஸ்கட் பைக்கற் பிரித்தார்கள்.

நீ கூவினாய்.

உன் கூவு எனக்குத் தெரியும். தாழ்ந்து தொடங்கி, நடுவில் உடைந்து, பிறகு மேலே போகும். மிகத் தெளிவாகக் கேட்டது. நான் வாயைத் திறந்தேன். திறந்த அந்த நேரம் பாறைக்கு மற்றப் பக்கத்தில் இருந்த ஒருவன் உன்னைப் போலவே கூவிக் காட்டினான். எல்லோரும் சிரித்தார்கள்.

“மேல போன நம்மட ஆக்கள்தான் கூப்பிடுறாங்க,” என்றாள் ஒருத்தி. வரும் வழியெல்லாம் அவர்களும் விளையாட்டுக்குக் கூவிக்கொண்டு வந்திருக்கிறார்கள். அதனால்தான் பிறகு யார் கேட்டபோதும் எது யாருடைய கூவு என்று அவர்களால் சொல்ல முடியவில்லை.

நான் வாயை மூடிக்கொண்டேன்.

இதைத்தான் நான் திரும்பத் திரும்ப நினைக்கிறேன். நான் நின்ற இடத்தில் இருந்து உனக்கு என் குரல் வரவில்லை. ஆண் குரல் ஒன்று வந்தது. பிறகு சிரிப்பு. நீ என்ன நினைத்திருப்பாய்.

இரண்டாவது தடவை கூவினாய். முன்பைவிடக் கிட்ட. போய்விடுவார்கள், இந்தப் போத்தலில் தண்ணீர் நிரப்பிக்கொண்டு போய்விடுவார்கள் என்று நான் எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது தடவை கூவியபோது அது கூவாகவே இல்லை. கெஞ்சினாய். அப்போதாவது நான் எழும்பியிருக்கலாம். நான்கு அடி நடந்தால் பாறைக்கு வெளியே. நாலே நாலு அடி, மச்சாள். நான் முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு இருந்தேன்.

ஒரு கல் உருண்டது. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை.

சேர்தான் முதலில் ஓடினார். பிள்ளைகள் ரீசேட்டைக் கழற்றி இரண்டு தடியில் கோர்த்து உன்னைத் தூக்கினார்கள். யாருக்கு முன்னால் வர நான் வெட்கப்பட்டேனோ அவர்கள் அழுதுகொண்டே உன்னைச் சுமந்தார்கள். வகுப்பில் என் பக்கத்தில் இருந்தவள் தன் சால்வையால் உன் தலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் ஈரப் பாவாடையோடு பின்னால் ஓடினேன். ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. இதற்குத்தானா நான் அத்தனை நேரம் ஒளிந்திருந்தேன்.

வயல் தெரிகிற இடத்தில் நீ ஒரு தடவை கண் திறந்தாய். என்னைக் கண்டாய். “இரிக்கியா,” என்றாய். அவ்வளவுதான். நான் இருக்கிறேன் என்று உனக்கு நிம்மதி. உழவு இயந்திரப் பெட்டியில் உன்னை ஏற்றி றோட்டுக்குப் போவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றைக்கு எல்லோரும் என்னிடம் கேட்டார்கள். நீ எங்க நிண்ட? அவ கூவல்லயா? நான் சொன்னது இரண்டு சொல். “கீழ. கேக்கல்ல.” வாழ்க்கையில் நான் கதைத்த எதையும் யாரும் இவ்வளவு சுலபமாக நம்பியதில்லை.

பாய்ந்தாள் என்ற கதை பிறகுதான் வந்தது. முதல் தடவை கேட்டபோதே நான் சொல்லியிருக்கலாம். கோயிலில் ஒரு தடவை, கடையில் ஒரு தடவை, எங்கள் அம்மாவே சொல்லி ஒரு தடவை. ஒவ்வொரு தடவையும் நாளைக்குச் சொல்வோம் என்று நினைத்தேன். நீ செத்தது ஒரு நாள். அதற்குப் பிறகு பேசாமல் இருந்து உன்னை நான் எத்தனை நாள் சாகவிட்டேன் என்பதற்குக் கணக்கில்லை. சோறு இறங்கவில்லை என்று சொல்லமாட்டேன், இறங்கியது. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது. இப்படியே தின்று, தூங்கி, கிழவியாகும் மட்டும் என்னால் பேசாமல் இருக்க முடியும் என்று தெரிந்துவிட்டது.

மாமியும் நானும் மடுவுக்கு வந்து சேர்ந்தோம். நான் ஒளிந்த பாறை அப்படியே இருந்தது.

“இஞ்சதான் நீ நிண்ட?” என்று மாமி கேட்டார்.

“ஓம்.”

மாமி மேலே குளத்துப் பக்கம் பார்த்தார். வழிகிற பாறை, அதில் பச்சையாகப் பாசி, அதற்கு மேலே வானம். வெகு நேரம் பார்த்தார்.

“அவ கூவியிரிப்பா,” என்றார். “கூவாம இரிக்க மாட்டா. சாகப் போறவ கூவ மாட்டா, அவ கூவியிரிப்பா. உனக்குக் கேக்கல்லெண்டா அது இஞ்சைக்குக் கேக்காதெண்டுதானே. அத மட்டும் எனக்குத் தெரிஞ்சாக் காணும். நான் மேல போய்க் கூவுறன். கேக்கல்லெண்டா நீ பேசாம இரி.”

“கேட்டா?”

மாமி தலையைக் குனிந்தார். கம்பி கட்டிய செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“கேட்டாக் கூவு. கேட்டா, அண்டைக்கு அவ கூவவேயில்லெண்டு நான் நெனச்சுக்கொள்றன். அவங்க சொன்ன மாதிரித்தானெண்டு நெனச்சுக்கொள்றன்.”

சுற்றுப் பாதையால் அவர் ஏறிப் போனார். செருப்புச் சத்தம் குறைந்து குறைந்து இல்லாமல் போயிற்று.

நான் பாறைக்குப் பின்னால் அதே இடத்தில் குந்தினேன். ஏன் அங்கே போனேன் என்று தெரியவில்லை, கால் போயிற்று. பேசாமல் இருந்தால் போதும். மாமி அழுது, கண்ணைத் துடைத்து, என் பிள்ளை கூவித்தான் இருப்பாள் என்று நிம்மதியாக வீட்டுக்கு வருவார். எனக்கும் ஒன்றும் ஆகாது. பேசாமல் இருப்பது ஒன்றுதான் எனக்கு நன்றாகத் தெரிந்த வேலை. கூவினால், மேலே போய் மிச்சத்தையும் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் நீ பாய்ந்தவளாகவே ஆகிவிடுவாய். சொன்னால் மாமி என் முகத்தில் இனி விழிப்பாரா. ஊர் என்ன சொல்லும். அம்மா என்ன செய்வார். நீ இருந்தால் என்னை யாரும் கேட்க விட்டிருக்க மாட்டாய், முன்னால் போய் நீயே சொல்லியிருப்பாய். எனக்காகச் சொல்ல இனி யாருமில்லை. ஒரே ஒரு தடவை வந்து, என்ன செய்யட்டும் என்று சொல்லிவிட்டுப் போ என்று உன்னைக் கேட்டேன். மந்திகள் கத்தின. நீ வரவில்லை.

மாமி கூவினார்.

மச்சாள், மாமி கூவி நான் இதற்கு முன் கேட்டதே இல்லை. தாழ்ந்து தொடங்கி, நடுவில் உடைந்து, பிறகு மேலே போயிற்று. உன் கூவு. நீ அதை எங்கே இருந்து எடுத்தாய் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. வாய் திறக்கவில்லை. பாலப்பழம் தின்ற வாய்போல ஒட்டிக்கொண்டது.

இரண்டாவது தடவை கூவினார். அந்தக் கூவில் ஆசை இருந்தது. நான் பேசாமல் இருக்க வேண்டும் என்கிற ஆசை. தன் பிள்ளையைத் தனக்குத் திருப்பிக் கொடுக்கச் சொல்லி என்னைக் கேட்கிற மாதிரி இருந்தது. திருப்பிக் கொடுக்க வேண்டியது என்னிடம்தான் இருந்தது. பேசாமல் இருந்து அதைக் கொடுக்க முடியாது.

மூன்றாவதும் கேட்டது.

நான் எழும்பி, அந்த நான்கு அடியையும் நடந்து, பாறைக்கு வெளியே வந்து கூவினேன். குரல் கிழிந்தது. திரும்பவும் கூவினேன். நீ மூன்று முறை கூவியிருந்தாய், நானும் மூன்று முறை கூவினேன். மேலே இருந்து சத்தமே இல்லை. என் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, நீ இறங்கிய பாறையால் மாமியிடம் ஏறத் தொடங்கினேன்.